சீமை மூக்கு

போன வாரம் நான் படம் எழுதும் நம் கடைக்கு வந்தபோது, அங்கே தொழில் பழகும் உங்களில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் மூக்குப் பிளேட்டை, அந்த அச்சடித்த மூக்குப் படத்தைக் காட்டி ஒருவர், "இதப் பாத்துப் பாத்துப் போட்டு இன்னா ஆவப்போவுது? நேரா ஆளப் பாத்துப் போட்டாப் போச்சு" என்றார். மற்றவர் அதே மூக்கைப் பத்தொன்பதாவது தடவையாக வரைந்து முடித்திருந்தார். "இது கைக்கு வந்துட்டா எந்த ஆளு வந்து குந்தினாலும் போட்டுடலாம்" என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில் இல்லாமல் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு வராது. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் இனி வரப்போவதும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புதான் என்றாலும், எழுதும்போது யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் உங்கள் சண்டை கிளப்பிய எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வலது கண்ணில் புரை விழுந்துதான் கடையை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். வரி ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முகம் எழுத வந்ததே ஒரு கூச்சத்தால்தான். மலையடியில் காவடிகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டும், கடைகளுக்குப் பலகை எழுதிக்கொண்டும் இருந்தேன். அப்போது உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். ரயிலடிப் பக்கம் இருந்த போட்டோக்காரருக்கு ஃபிலிம் கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் கடையைப் பூட்டி வைத்தார். படம் எடுக்க வந்தவர்கள் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, எதிரே ஏணியில் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "மூஞ்சி எழுதுவியா?" என்று கேட்டார்கள். நான் "ஆங்" என்று சொல்லிவிட்டேன். எழுதத் தெரியும் என்பதால் அல்ல. ஏணி மேல் நின்றுகொண்டு இல்லையென்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

சொன்ன பிறகு கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரிடம் போனேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. அவருக்கு இருபத்தைந்து இருக்கும். அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை சார் என்பேன். பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு கட்டுப் பிளேட் இருந்தது. கண், காது, மூக்கு, கை, பாதம், தலை என்று வெள்ளைச் சாந்தில் செய்த சிலைகளைப் பார்த்து, அந்தக் காலத்துச் சீமை ஓவியர்கள் வரைந்து அச்சடித்த கெட்டித் தாள்கள். வாரம் ஒரு பிளேட் கொடுப்பார். அதில் இருப்பது போலவே, அதே அளவில், மயிரிழை பிசகாமல் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

பட்ட அவஸ்தையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கரிக்கோட்டை அழிக்க ரொட்டியின் நடுப்பஞ்சு வேண்டும் என்றார். எனக்கு ரொட்டி எங்கே கிடைக்கும்? ரொட்டியும் வெள்ளை, இட்லியும் வெள்ளை என்று நினைத்து இட்லியால் அழித்தேன். எழுதிய காது முழுவதும் மாவாகி, அதை எடுத்துக்கொண்டு போனால் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் தாளை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உதறிவிட்டு, "அண்ணே, ரயிலடியில பன்னு விக்கிறாங்க. சட்டினி மட்டும் தொட்டுக்காம அழிங்க" என்றார்.

எனக்குப் பிளேட் பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. சாந்துச் சிலை திரும்பிப் பார்க்காது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் "இன்னா வோணும்?" என்று கேட்காது. இரண்டு வருஷத்தில் மூக்குப் பிளேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். நெற்றியிலிருந்து நேராக இறங்கும் மூக்கு. இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் நிழல், நுனியில் ஒரு கோதுமை அளவு வெள்ளை.

மாஸ்டருக்குத்தான் பொறுமை போய்விட்டது. ஒரு கிருத்திகையன்று ஜன்னலைக் காட்டிக் கத்தினார்.

"அண்ணே, வெளிய பாருங்க. எத்தினி மொட்டை போவுது! சந்தனம் வேற பூசிகினு, வெளிச்சம் எங்க வுழுது நெழல் எங்க வுழுதுன்னு பளபளன்னு காட்டிகினு போறாங்க. நீங்க இன்னாடான்னா சீமை மண்டையப் பாத்துகினு குந்திகினு கீறீங்க. போங்க, போயி ஒரு மொட்டையப் போட்டுகினு வாங்க."

போனேன். குளத்துப் பக்கம் தாளை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முடி கொடுத்துவிட்டு வந்த ஒருவர், "இன்னா அப்டிப் பாக்கற?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மரத்துப் பின்னால் போய் உட்கார்ந்து, தலைப் பிளேட்டை நினைவிலிருந்து எழுதி, அதில் இருக்கும் சுருட்டை முடியை மட்டும் விட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். "இது எந்த ஊரு மொட்டை? கப்பல்ல வந்து முடி குடுத்தாரா?" என்று கேட்டார்.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த மாதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நெசவு வீட்டுப் பெண். வந்ததும் உட்காராமல் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"அண்ணா, எங்க நைனாவுக்கு நீர் கோத்துகிச்சு. மொதல்ல பாதம் வீங்குச்சு. அப்பறம் மொழங்காலு. இப்ப இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு. மூஞ்சிக்கு வந்துட்டா அப்பறம் அது உங்க நைனா மூஞ்சா இருக்காதும்மான்னு வைத்தியரு சொல்றாரு. வீட்ல ஒரு போட்டோ கூட இல்ல. அதுக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

மாஸ்டரிடம் சொன்னேன். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு கெட்டித்தாளை எடுத்துக் கொடுத்தார். "இந்த சண்டை முடியற வரைக்கும் வேற தாளு கெடைக்காது. பாத்துப் போடுங்க" என்றார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. நூல் வராததால் வீட்டில் இரண்டு தறியும் சும்மா நின்றன. அவற்றுக்கு நடுவே, ஜன்னலோரம் துணி மூட்டையில் சாய்ந்து அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் தூண் மாதிரி இருந்தன. முகம் வற்றிய முகம். அதில் அந்த மூக்கு. வாலிபத்தில் தறிமரம் சரிந்து விழுந்து நடுவில் உடைந்த மூக்கு. இடது பக்கம் போய், மனசு மாறினது போல் வலது பக்கம் திரும்பியிருக்கும். கோணமூக்கர் என்றால்தான் ஊரில் தெரியும்.

அளவெடுக்கும் தூக்குநூலைக் கொண்டுவர மறந்துவிட்டேன். அந்தப் பெண் தறியில் மிஞ்சிக் கிடந்த நூலில் ஒரு முழம் கொடுத்தாள். நுனியில் ஒரு சாவியைக் கட்டி, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தேன். நெற்றி, புருவம், மூக்கடி, மோவாய், பிறகு கன்னத்தின் அகலம். ஒவ்வொன்றுக்கும் நூலில் ஒரு முடிச்சு. பிளேட்டை நூலால் அளந்து எழுதிப் பழகிய பழக்கம். நான் உட்கார்ந்த இடத்தையும் தரையில் கரியால் கோடு போட்டுக்கொண்டேன்.

"ஏம்பா, இன்னாத்துக்கு என்னப் பாத்து கண்ணடிச்சிகினு கீற?" என்றார் பெரியவர்.

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. முகத்தின் வட்டம் போட்டேன். காது போட்டேன். மூக்குக்கு வந்தபோது அவர் என்னை நேராகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலை நிமிர்வதற்குள் கை மூக்கைப் போட்டு முடித்திருந்தது.

அது யாருடைய மூக்கு என்று உங்களுக்குத் தெரியும். அது எனக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துகிறது. நிழல் போடும்போது சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, தாளை இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டி, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நான்கு நாள் நிழல் போட்டேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்பு எழுதியதில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, "பிளேட்டயே தோக்கடிச்சிட்டீங்க அண்ணே" என்றார். பிறகு சந்தேகமாக, "ஆளு இப்டியேவா கீறாரு?" என்று கேட்டார். "ஆங்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன "ஆங்"களில் மோசமானது அது.

ஐந்தாம் நாள் கொண்டுபோனேன். வீக்கம் மார்பைத் தாண்டிவிட்டது. கன்னம் உப்பத் தொடங்கி, கண்ணிமை கனத்திருந்தது. கட்டைப் பிரித்துப் படத்தை ஜன்னலோரம் நிறுத்தினேன்.

முதலில் பேசியவர் மூத்த மகன். "அடாடா! தொர மாதிரி கீறாரு நைனா. மாட்டிடலாம்."

அந்தப் பெண் கிட்டே வந்து பார்த்தாள். "இது யாரு?" என்றாள்.

"சும்மா இரு. அழகாத்தானே கீது."

"அழகு யாருக்கு வோணும்? நாளைக்கு எம் புள்ளைங்களுக்கு இதான் உங்க தாத்தான்னு யாரக் காட்டறது? வழியில போற தொரையவா?"

பெரியவர் படத்தைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். பார்த்தார். "இந்த மூக்கு அப்பவே இருந்திருந்தா என் மாமனாரு பொண்ணு குடுக்க மூணு வருசம் யோசிச்சிருக்க மாட்டாரு" என்றார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். வீட்டுக்குப் பெரிய மகன் சரி என்றுவிட்டான். நான் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டிருப்பார்கள். வேறு தாள் கிடையாது. நான்கு நாள் வேலை அது. இன்னொரு பக்கம், அந்தக் கன்னத்தைப் பார்த்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதற்கும் நாள் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தவரை பார்த்து வைத்துக்கொள்கிறவள் போல.

மதியத்துக்கென்று வாங்கிய பன் பையில் இருந்தது. பிய்த்து மூக்கை அழித்தேன். நல்லவேளை, கரி உதிராமல் இருக்கத் தெளிக்கிற அரக்குத் தண்ணீருக்கு ஸ்பிரிட் கிடைக்காததால், அது தெளிக்காத படம். அழித்த இடத்தில் அவருடைய மூக்கைப் போட்டேன். அசிங்கமாக இருந்தது. சாந்துச் சிலை வண்டியிலிருந்து விழுந்து உடைந்தது மாதிரி இருந்தது. மூக்கு மட்டும் பொய் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பொய் மூக்குக்கு ஏற்றபடி கண்ணும் உதடும் ஏற்கனவே ஒதுங்கி உட்கார்ந்திருந்தன.

எல்லாவற்றையும் அழித்தேன்.

"அண்ணா, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று மூத்த மகன் கையைப் பிடித்தான். பன் முழுவதும் கறுப்பு உருண்டைகளாகத் தரையில் கிடந்தது. "துன்ற பண்டத்தால என் மூஞ்சியத் தேய்க்கிறான் பாரு" என்றார் பெரியவர்.

தாள் சாம்பல் நிறமாகிவிட்டது. பெரியவரின் முகம் இப்போது போன தடவை பார்த்த முகமும் இல்லை. கன்னம் எங்கே முடிகிறது, வீக்கம் எங்கே தொடங்குகிறது? நான் திகைத்து நின்றபோது அந்தப் பெண் தறியில் மாட்டி வைத்திருந்த நூலை எடுத்து வந்தாள். சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, முடிச்சுகளை அவிழ்க்காமல் வைத்திருந்தாள். தரையில் இன்னும் அழியாமல் இருந்த கரிக்கோட்டில் உட்கார்ந்து, நூலை நீட்டிப் பிடித்தேன். முடிச்சுக்கு வெளியே கன்னம் இரண்டு பக்கமும் வழிந்தது. வழிந்ததை விட்டுவிட்டு, முடிச்சு காட்டிய அளவுக்கு எழுதினேன்.

பிளேட் வீண் என்று சொன்னவரே, அந்த முடிச்சைப் போடக் கற்றுக்கொடுத்தது பிளேட்தான். அது இல்லாவிட்டால் அன்றைக்கு நான் வீங்கிய முகத்தைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் மூக்கு நூலில் இல்லை. அது அவர் முகத்தில்தான் இருந்தது. எலும்பு வீங்கவில்லை. நிமிர்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் குனிந்தேன்.

"யோவ்," என்றார் பெரியவர். அவருக்கு மூச்சு விடவே கஷ்டம். அதிலும் எரிச்சல். "இந்த மூக்க வச்சிகினு அறுவது வருசமா ஊரே பாக்கறதப் பாத்துகினு கீறேன். எழுத வந்தவன் நீ ஒருத்தன்தான்யா பாக்க மாட்டேங்கற. பாருய்யா!"

பார்த்தேன். வேர்த்துக்கொண்டேதான் பார்த்தேன். கூச்சம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது போகவில்லை. அதோடு பார்த்தேன், அவ்வளவுதான். உடைந்த இடத்தில் தோல் கொஞ்சம் மினுமினுத்தது. வெளிச்சம் வலது பக்கம் ஜன்னலிலிருந்து வந்தது. போன தடவையும் அது வலது பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நான் நான்கு நாள் உட்கார்ந்து இடது பக்கத்து வெளிச்சம் போட்டிருந்தேன். பிளேட்டில் அப்படித்தானே இருந்தது!

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நிழல் போட நேரமில்லை. கோடுகளும், தேவையான நாலு இடத்தில் கறுப்பும். அழுக்குத் தாள். மாஸ்டர் பார்த்தால் மார்க் போட மாட்டார். தூக்கி நிறுத்தினேன்.

பெரியவர் தன் மூக்கை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினார். பிறகு அதே விரலைப் படத்தைத் தொடாமல் படத்தின் மூக்கு மேல் கொண்டுபோனார். "அந்த மரம் வுழுந்த எடம் கூட கீதே, பாவி" என்றார்.

அந்தப் பெண் எனக்குச் சோறு போட்டாள். என் பன் தரையில் கிடந்தது அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாளே வீக்கம் முகம் முழுவதும் ஏறிவிட்டதாம். பத்து நாளில் அவர் போய்விட்டார். பிறகு ஒருமுறை மலைக்கு வந்தபோது அந்தப் பெண் சொன்னாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்களாம். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து அழுதார்களாம்.

படத்தைக் கொடுத்துவிட்டு வந்த அந்த வாரம் மூக்குப் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "சரி அண்ணே. அடுத்தது பிளேட் கெடையாது. என்னப் போட்டுகினு வாங்க" என்றார்.

"ஆவட்டும் சார்" என்றேன். அடுத்த வாரம் என்றேன். பலகை வேலை இருக்கிறது என்றேன். காவடி சீசன் என்றேன். அவர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற ஒரே காரணத்தால் நாலு மாதம் தள்ளினேன். அதற்குள் மிஷன்காரர்கள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது பிளேட் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் சுவரில் இருப்பது அதிலிருந்த மூக்குதான்.

சண்டை முடிந்து நல்ல தாள் வந்ததும் முதல் வேலையாக அவரை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன். முகவட்டம் வந்தது. கண்ணாடி வந்தது. காது கூட வந்தது. மூக்குக்கு வந்ததும் கை தானாகவே நெற்றியிலிருந்து நேராக இறங்கி, நுனியில் கோதுமை அளவு வெள்ளையை விட்டு நின்றது. இரண்டு வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவர் கொடுத்த பிளேட் ஒவ்வொன்றையும் இன்றைக்கும் எழுதுவேன். அவர் மூக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பன் வாங்கி வந்து அந்த மூக்கை மட்டும் அழித்தேன். அந்தத் தாள் கடையில், மேசை இழுப்பறையின் அடியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். ஆனால் பத்தொன்பது தடவை எழுதிப் பழகியவருக்குத் தனியாகச் சொல்கிறேன்: நடுவில் இருக்கும் அந்த வெள்ளை இடத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.